கருப்பு வயரில் கரன்ட்: மின்கம்பி நிறங்களின் உலகக் குழப்பமும் திண்டுக்கல்லும்

வேடசந்தூர் சாலையிலோ நத்தம் சாலையிலோ உள்ள ஏதாவது ஒரு நூற்பாலையின் மின்பலகையைத் திறந்து பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ். நியூட்ரலுக்குக் கருப்பு. எர்த்துக்குப் பச்சை. ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே மனப்பாடம் ஆகிவிடுகிற வரிசை இது. அதே ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் இயந்திரம் வந்து இறங்குகிறது. அதன் ஐந்து கோர் கேபிளின் மேலுறையைச் சீவினால் பழுப்பு, கருப்பு, சாம்பல், நீலம், அப்புறம் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒன்று. பழுப்பும் சாம்பலும் நம் பலகையில் கிடையாது. தெரியாத நிறத்தைப் பார்த்தால் எந்த எலக்ட்ரீசியனும் நின்று யோசிப்பார், வரைபடத்தைத் தேடுவார். இரண்டு பக்கமும் இருக்கிற கருப்பும் நீலமும்தான் ஆளைக் கவிழ்க்கும். அந்தக் கேபிளில் கருப்பு இரண்டாவது ஃபேஸ், நீலம் நியூட்ரல். நம் பலகையில் கருப்பு நியூட்ரல், நீலம் மூன்றாவது ஃபேஸ்.

கருப்பைக் கருப்போடும் நீலத்தை நீலத்தோடும் முடுக்கிவிட்டு, மிஞ்சிய பழுப்பைச் சிவப்பிலும் சாம்பலை மஞ்சளிலும் மாட்டினால் என்ன ஆகும்? மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இரண்டு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் போகும். ஒரு ஜோடி முனையில் 400 வோல்ட், மற்ற இரண்டு ஜோடியிலும் 230. மோட்டார் முனகும், சூடேறும், ஓவர்லோடு ரிலே சரியாக இருந்தால் ட்ரிப் ஆகும். இயந்திரத்துக்குள் பழுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் 230 வோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் விளக்கு, விசிறி, மின்னணு அட்டைகள் எல்லாவற்றுக்கும் 400 வோல்ட் போகும். அவற்றுக்கு முனகவெல்லாம் நேரம் இருக்காது. நியூட்ரலே கேட்காத இயந்திரங்கள் பல உண்டு. அவற்றில் சேதம் குறையும். குறைவதற்குக் காரணம் இயந்திரத்தின் அமைப்பு, நம் சாமர்த்தியம் அல்ல.

தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கத்தின் தலைமையகம் திண்டுக்கல்லில்தான் இருக்கிறது. இந்தச் சமவெளியில் பஞ்சு நூலாகிற பாதையில் கோவை இயந்திரங்களோடு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜப்பான் இயந்திரங்களும் வரிசையில் நிற்கின்றன. சீன இயந்திரங்களும் வந்துவிட்டன. ஒவ்வொரு நாடும் தன் நிற வழக்கத்தோடுதான் இயந்திரம் செய்கிறது. ஆகவே, உலகச் சந்தையில் விற்கப்படும் மின்சாதனங்களுக்கு எந்த நிற விதி என்ற கேள்வி ஜெனீவாவில் சர்வதேசத் தரநிலை வகுப்பவர்களின் கூட்டங்களோடு முடிந்துவிடுவதில்லை. அதை முறுக்காணியால் திருகி முடிக்கிற வேலை இங்கேதான் நடக்கிறது.

நம் வரிசை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு என்பது அவர்கள் ஊர் வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வயரிங் நடைமுறை விதியான ஐ.எஸ். 732 வழியாக அது நமக்கும் வழக்கமானது. சட்டம் எதைக் கேட்டது என்பது தனிக்கதை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆவது விதி, எர்த் செய்யப்பட்ட நியூட்ரல் கம்பியை மற்றக் கம்பிகளிலிருந்து பிரித்தறிய நிலையான ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்றது. நியூட்ரலில் மட்டும் தனியாக ஃப்யூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்றும் சொன்னது. அடையாளம் அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அக்கறை. நிறம் அதை நிறைவேற்ற எளிய வழி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வரும் பல குழப்பங்கள் லேசாகும்.

விட்டுப்போன பிரிட்டிஷ்காரன் அந்த வழக்கத்தை இப்போது தன் வீட்டில் வைத்திருக்கவில்லை. அவன் ஏன் மாற்றினான், எப்படி மாற்றினான் என்பது நமக்குப் பாடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் ஒன்றுக்கொன்று மின்சாதனங்களை விற்கத் தொடங்கியபோது ஒரு விபரீதம் வெளிப்பட்டது. பிரிட்டனில் சிவப்பு என்றால் கரன்ட் வரும் வயர், பச்சை என்றால் எர்த். ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை எர்த்துக்கு உரிய நிறமே சிவப்புதான். கருப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல். அந்தக் காலத்துச் சாதனங்கள் பலவும் பிளக் இல்லாமல், வெறும் வயர் நுனியோடு விற்கப்பட்டன. வாங்கியவரே பிளக் மாட்ட வேண்டும். ஜெர்மன் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கிய ஆங்கிலேயர் தன் ஊர் வழக்கப்படி சிவப்பு வயரை லைன் முனையில் மாட்டினால், இஸ்திரிப் பெட்டியின் உலோக உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும். சுவிட்சைப் போட்டதும் வேலை செய்யாது. ஏன் என்று பார்க்க அவர் கையை வைப்பார்.

மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறப்பார்வைக் குறைபாடு ஆண்களிடம் பரவலாக உண்டு. வட ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர். நம்மிடையே விகிதம் அதைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. உயிர் எடுக்கிற வயருக்குச் சிவப்பும் உயிர் காக்கிற வயருக்குப் பச்சையும் என்று வைத்த பழைய ஏற்பாடு, அந்த ஒருவருக்கு எதிராகவே யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்ற மூன்று தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரிட்டனில் வீட்டுச் சாதனங்களின் நெகிழ்வயர்களுக்கு 1970இல் இது சட்டமானது.

சுவருக்குள் ஓடும் வயரிங்குக்கு மட்டும் சிவப்பும் கருப்பும் அப்படியே நீடித்தன. சாதனத்தில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம் என்று முப்பது ஆண்டுக்கு மேல் பிரிட்டன் வாழ்ந்தது. 2004 மார்ச் 31 முதல் பி.எஸ். 7671 விதியில் செய்த திருத்தம் சுவருக்கும் புதிய நிறங்களை அனுமதித்தது. 2006 ஏப்ரல் 1 முதல் புதிய வேலைகளுக்கு அது கட்டாயம். மூன்று ஃபேஸுக்குப் பழுப்பு, கருப்பு, சாம்பல், நியூட்ரலுக்கு நீலம். பழைய கட்டடத்தில் புதிய வயரிங் சேர்க்கும்போது, இங்கே இரண்டு காலத்து நிறங்கள் இருக்கின்றன, எச்சரிக்கை என்று மின்பலகையில் அறிவிப்பு ஒட்டச் சொன்னார்கள். கருப்பும் நீலமும் இடம் மாறுவதுதான் அந்தத் திருத்தத்தின் மிகப் பெரிய ஆபத்து என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

சிங்கப்பூரும் அதே பிரிட்டிஷ் மரபில் வளர்ந்த ஊர்தான். 2009இல் அதுவும் புதிய நிறங்களுக்கு மாறியது. திண்டுக்கல்லில் வேலை கற்றுக்கொண்டு சிங்கப்பூர் போகும் நம் பையன்கள் அங்கே முதலில் மறக்க வேண்டிய பாடம் இது. திரும்பி வந்தால் மறுபடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய பாடமும் இதுவே. இதில் இரண்டாவதுதான் கடினம். பத்து வருடம் நீலத்தை நியூட்ரல் என்று பழகிய கை, ஒட்டன்சத்திரம் தோட்டத்து ஸ்டார்ட்டரில் நீலத்தைச் சாதாரணமாகத் தொடும்.

ஐரோப்பாவைத் தாண்டினால் ஒற்றுமை இன்னும் கரைகிறது. அமெரிக்காவின் தேசிய மின்விதிப்படி நியூட்ரலுக்கு வெள்ளை அல்லது சாம்பல். எர்த் என்றால் பச்சை, பச்சை-மஞ்சள், அல்லது உறையே இல்லாத வெறும் செம்பு. கரன்ட் வரும் வயருக்கு விதி கறாராக நிறம் குறிப்பதில்லை. வழக்கத்தில் முதல் வயர் கருப்பு, இரண்டாவது சிவப்பு. அதாவது அமெரிக்கச் சாதனத்தில் கருப்புதான் கரன்ட். ஜப்பானிலும் கருப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். சீனாவில் மூன்று ஃபேஸுக்கும் மஞ்சள், பச்சை, சிவப்பு. அங்கே பச்சை உயிருள்ள வயர். ஆஸ்திரேலியாவில் மூன்று ஃபேஸுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, சாதன வயரில் மட்டும் ஐரோப்பியப் பழுப்பும் நீலமும். கருப்பு என்ற ஒரே நிறத்தை எடுத்துக்கொண்டாலே திண்டுக்கல்லில் நியூட்ரல், லண்டனில் இரண்டாவது ஃபேஸ், சிகாகோவில் முதல் ஃபேஸ், சோலார் தகட்டில் மைனஸ்.

இவ்வளவு பிளவுக்கும் மேலே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1906இல் லண்டனில் தொடங்கி, இப்போது ஜெனீவாவில் இயங்குகிறது. ஐ.இ.சி. 60445 என்ற அதன் தரநிலைதான் வயர் நிறங்களைப் பற்றிப் பேசுவது. அதைப் படித்தால் எதிர்பார்த்ததைவிட அடக்கமாக இருக்கிறது. பச்சை-மஞ்சள் இரட்டை நிறம் பாதுகாப்பு எர்த்துக்கு மட்டுமே. வேறு எதற்கும் கூடாது. நியூட்ரல் இருந்தால் அது நீலம். ஃபேஸ்களுக்குக் கருப்பு, பழுப்பு, சாம்பல் விரும்பத்தக்கவை. ஆணையம் சொன்னது எந்த நாட்டின் சட்டமும் ஆகிவிடாது. ஒவ்வொரு நாடும் எடுத்துக்கொண்டால் உண்டு. நியூட்ரல் நீலத்தை அமெரிக்கா எடுத்துக்கொள்ளவில்லை, ஜப்பான் எடுத்துக்கொள்ளவில்லை, நம் வீட்டுச் சுவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை-மஞ்சளை மட்டும் ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சீனாவிலும் எர்த் அதுதான், அமெரிக்காவிலும் அது செல்லும், இந்தியாவிலும் செல்லும்.

அந்த ஒரு வயரை எவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்ன விவரம். பச்சை-மஞ்சள் வயரை எந்த இடத்தில் 15 மில்லிமீட்டர் நறுக்கி எடுத்தாலும், இரண்டில் ஒரு நிறம் அதன் மேற்பரப்பில் 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பேருக்கு ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. விரல் நகம் அளவு துண்டு வெளியே தெரிந்தாலும் இரண்டு நிறமும் தெரியும். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் கோடு தெரியும். பம்ப் செட் அறையின் மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். நிற விதிகளில் உருப்படியாக யோசித்த விதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இனி வீட்டுக்கு வருவோம். மேற்கு ரத வீதியின் மின்பொருள் கடையில் ஒரு வீட்டு வயரிங்குக்கான காயில்கள் வாங்குகிறார்கள். ஒரு காயில் 90 மீட்டர். ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை என்று பட்டியல் ஒழுங்காகத்தான் தொடங்கும். வேலை முடியும் தறுவாயில் பச்சைக் காயில் தீர்ந்திருக்கும், மஞ்சளில் பாதி மிஞ்சியிருக்கும். ஒரு பிளக் பாயின்ட்டின் எர்த்துக்காகப் புதுக் காயில் வாங்க யாருக்கு மனசு வரும்? மூன்று ஃபேஸ் சர்வீஸ் எடுத்த வீட்டில் மாடிக்கு மஞ்சள் ஃபேஸ், ஏ.சி.க்கு நீல ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். யு.பி.எஸ். லைனுக்கு வேறு நிறம் வேண்டும் என்று அதற்கும் பல இடங்களில் நீலமோ மஞ்சளோதான். அந்த நீல வயர் முடிகிற சாக்கெட்டில் வந்து சொருகுகிற சாதனத்தின் வயரைச் சீவினால் அங்கே நீலம் நியூட்ரல். பிளக் நடுவில் இருக்கும்வரை இரண்டு நீலமும் ஒன்றையொன்று பார்க்காது; பிளக்கை வெட்டிவிட்டு நேராக முடுக்கும்போதுதான் பார்த்துக்கொள்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் சதுர முனை பிளக்கும் அமெரிக்காவிலிருந்து வரும் தட்டை முனை பிளக்கும் நம் உருண்டை முனை சாக்கெட்டில் நுழையாததால், அவற்றை வெட்டுவது இங்கே அன்றாட வேலை.

பிளக் மாட்டுவதற்கு நிறத்தை நம்ப வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.எஸ். 1293 தரத்தில் செய்த எந்த மூன்று முனை பிளக்கையும் திறந்தால் முனைகளின் பக்கத்தில் எல், என், இ என்ற அடையாளங்கள் பொறித்திருக்கும். தடித்து நீண்டது எர்த் முனை. அது நீளமாக இருப்பதற்குக் காரணம், சொருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்பது. சாதனத்தில் வந்த மூன்று வயரில் எது எது என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும், அல்லது மீட்டரின் தொடர்ச்சி முனையை வைத்துப் பார்க்க வேண்டும். உலோக உடம்போடு தொடர்பு காட்டுகிற வயர் எர்த். இரண்டே வயர் உள்ள சாதனத்தின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு செய்தது. அதற்கு எர்த் கிடையாது, தேடவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்த ஊரில் மிகவும் கவலைப்பட வேண்டியது வெளிநாட்டு வயரைப் பற்றி அல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கோர் உள்ள நம் ஊர் கேபிளைப் பற்றித்தான். அது மூன்று ஃபேஸ் மோட்டாருக்காகச் செய்தது. கடையில் மூன்று கோர் கேபிள் கொடுங்கள் என்று கேட்டால் அதையும் எடுத்துப் போடுவார்கள். அதைக் கொண்டு கிரைண்டருக்கோ வெல்டிங் பட்டறையின் கை மெஷினுக்கோ ஒற்றை ஃபேஸ் நீட்டிப்புப் பெட்டி கட்டுகிறார்கள். அதில் எர்த் எது? கட்டியவர் மஞ்சளை எர்த் என்று வைத்திருப்பார். அடுத்த முறை பழுது பார்க்கிறவர், பச்சை இல்லையே, அப்படியானால் நீலம்தான் எர்த் என்று நினைப்பார். ஒரு முனையில் ஒருவர் கணக்கு, மறுமுனையில் இன்னொருவர் கணக்கு. கேபிளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது இல்லாமல் விற்கவும் கூடாது. அந்த முத்திரை செம்பையும் பி.வி.சி. உறையையும் பற்றிப் பேசும். எந்த நிறம் எந்த முனையில் போய் முடிந்தது என்று அதற்குத் தெரியாது.

தோட்டங்களில் கதை வேறு மாதிரி. ரெட்டியார்சத்திரம், வடமதுரைப் பக்கங்களில் பல நூறு அடி ஆழத்தில் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் போகும் தட்டைக் கேபிளும் இதே சிவப்பு, மஞ்சள், நீலம்தான். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால் நிறம் மாறினாலும் பெரிய மோசமில்லை. எந்த இரண்டைத் திருப்பிப் போட்டாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், தண்ணீர் குறைவாக வரும், மறுபடி திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஒற்றை ஃபேஸ் சப்மெர்சிபிளில் அப்படி இல்லை. அங்கே அதே மூன்று நிறங்கள் ஓடும் சுருள், தொடங்கும் சுருள், இரண்டுக்கும் பொது என்று வேறு வேலை பார்க்கின்றன. எது எதற்கு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. கன்ட்ரோல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் படம் ஒன்றுதான் ஆதாரம். எலி கடித்தோ மழை நனைந்தோ அந்தக் காகிதம் போயிருந்தால், வைண்டிங் கடைக்காரர் மீட்டரை வைத்து ஓம் அளந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொது முனையை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் நடுவில் அளந்தால் எதிர்ப்பு மிகுதியாக இருக்கும். அதில் ஒதுங்குகிற மூன்றாவது வயர்தான் பொது. நல்ல கடைக்காரர் நிறத்தைக் கேட்கவே மாட்டார்.

இயந்திரங்களுக்கு உள்ளே போகும் வயர்களுக்குத் தனி மரபு உண்டு என்பதையும் ஆலை எலக்ட்ரீசியன்கள் அறிவார்கள். ஐ.இ.சி. 60204 வழியில் செய்த இயந்திரத்தில் பவர் வயர் எல்லாம் கருப்பு, எண் மட்டும் அச்சிட்டிருக்கும். ஏ.சி. கன்ட்ரோல் சிவப்பு, டி.சி. கன்ட்ரோல் நீலம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கரன்ட் இருக்கக்கூடிய வயருக்கு ஆரஞ்சு. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைக்கிறவருக்காகவே வைத்த நிறம் அது. மின்சார வண்டிகளின் உயர் மின்னழுத்தக் கேபிளும் ஆரஞ்சுதான், இந்திய வாகன விதியிலும். அதற்கும் இதற்கும் உறவு தற்செயலாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும், ஆரஞ்சைக் கண்டால் விலகி நிற்பது இரண்டு இடத்திலும் சரியாகவே இருக்கிறது.

அப்படியானால் இந்தியாவும் பழுப்பு, கருப்பு, சாம்பல், நீலத்துக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் வசதிதான். ஒரே கேபிளை இங்கேயும் விற்கலாம், ஐரோப்பாவுக்கும் அனுப்பலாம். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தொழிலாளி, சோதனைச் சான்றிதழ், பலகையில் எச்சரிக்கை என்று ஒரு கட்டமைப்பு இருந்தது. அதைக் கொண்டே இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து மாறினார்கள். இங்கே தமிழ்நாடு மின் உரிம வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. ஆனால் வீட்டு வயரிங் செய்கிற எல்லாருடைய சட்டைப் பையிலும் அது இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோடிக்கணக்கான சுவர்களுக்குள் கருப்பு நியூட்ரலாக இருக்கும்போது, புதிதாக வருகிற கருப்பு ஃபேஸ் ஆனால், முதலில் அடிபடுவது பழைய வீட்டில் புது சாக்கெட் மாட்டப்போகிறவர்தான். சுவருக்குள் சிவப்பு-கருப்பு, சாதனத்தில் பழுப்பு-நீலம் என்ற பிரிட்டனின் 1970 முதல் 2004 வரையிலான நிலையில்தான் இந்தியா இன்று நிற்கிறது. அங்கேயே இன்னும் சில காலம் நிற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இப்போதே செய்யக்கூடியவை வேறு. எர்த்துக்குத் தனிப் பச்சையை விட்டுவிட்டு எங்கும் பச்சை-மஞ்சளுக்கு வந்துவிடலாம். அதற்கு எதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை, காயில் வாங்கும்போது மாற்றிக் கேட்டால் போதும். ஒற்றை ஃபேஸ் சாதனத்துக்குச் சிவப்பு-மஞ்சள்-நீலக் கேபிள் கேட்கிறவரிடம், எதற்கு என்று கடைக்காரர் ஒரு வார்த்தை விசாரிக்கலாம். ஆலைகள், இறக்குமதி இயந்திரத்தின் கேபிள் நம் பலகையில் சேரும் இடத்திலேயே, ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் எல்1, எல்2, எல்3, என் என்று எண்ணுறை மாட்டச் சொல்லலாம். பலகைக் கதவின் உட்புறத்தில் எந்த நிறம் எதனோடு சேர்ந்தது என்று தமிழிலேயே ஒரு தாள் ஒட்டலாம். செலவு சில நூறு ரூபாய்.

வயர்மேன் அண்ணன்மாருக்கு ஒன்று. நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த வயரையும் நியூட்ரல் என்று முடிவு கட்டாதீர்கள். நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால் அதுவும் எரியும், ஃபேஸ் செத்திருந்தால் எதுவும் எரியாது. மீட்டரை வையுங்கள். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். இந்த மூன்று அளவும் சரியாக வந்த பிறகு வயரை முடுக்குங்கள். அதுவரை வயர் எந்த நிறமாக இருந்தாலும் அதில் கரன்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.